நெல்லை வெயிலில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வழியில் நின்றால் எல்லோரும் குறை சொல்வது அதன் வயதைத்தான். "அறுபது வருஷத்து வண்டி அண்ணாச்சி, அப்படித்தான் கெடக்கும்" என்று பட்டறையிலும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. எம்.ஜி. டி.சி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஜாகுவார் எக்ஸ்.கே. 120, லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் வண்டிகள் எல்லாமே குளிர் நாட்டுச் சாலையை மனதில் வைத்து, அன்றைக்குக் கிடைத்த பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது அந்தக் கணக்கு தப்புகிறது. அதனால் கோளாறு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டை. ஒன்று, நம் ஊர் வெயிலும் தண்ணீரும் இன்றைய பெட்ரோலும். மற்றது, கடைசியாக மாட்டிய புதுப் பாகம். ஐம்பது வருடம் உழைத்த அசல் பாகம் மூன்றாவதாகத்தான் வரும்.

லோட்டஸும் ஜாகுவாரும் நம் பக்கம் அபூர்வம். ஆனால் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவருக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். 1961 முதல் சென்னையில் தயாரான அந்த வண்டியின் இன்ஜின், ஸ்பிட்ஃபயர் இன்ஜினின் குடும்பம்தான். ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் அடித்தளத்திலிருந்து பிறந்தது. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்களில் ஹெரால்டுகளும் ஃபியட் 1100களும் அங்கே ஓடியிருக்கின்றன. அதைச் சாதாரண வீட்டு வண்டியாக நினைக்க வேண்டாம்.

ஸ்பானரைத் தொடும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும்போது இன்ஜின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? வண்டி ஏற்றத்திலா, நெரிசலிலா, நாற்கரச் சாலையிலா? கடைசியாக எந்தப் பாகத்தை மாற்றினோம்? இந்த மூன்றும் தெரியாமல் பாகம் வாங்கப் போவது பணத்தைக் கொட்டுகிற வேலை.

"நல்லா ஓடுச்சு, டீ குடிச்சிட்டு வந்தா பிடிக்க மாட்டேங்கு"

நம் பக்கம் அதிகம் கேட்கும் புகார் இதுதான். நாங்குநேரி தாண்டி ஒரு கடையில் பத்து நிமிடம் நிறுத்துகிறீர்கள். திரும்பி வந்து செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அரைமணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டமும் காத்தாடியும் நின்றுவிடும். ஆனால் இரும்பில் தேங்கிய சூடு அங்கேயே இருக்கும். அது மேலே ஏறி கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃபிளோட் சேம்பரையும் பெட்ரோல் பம்பையும் சுட வைக்கும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலில் அதைக் கலக்கும்போது கலவை இன்னும் எளிதாக ஆவியாகிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பத்து வருடம் முன்பு வராத தொல்லை இப்போது வருவதில் அதிசயம் இல்லை.

இதிலும் இரண்டு வகை உண்டு, வைத்தியம் நேர் எதிரானது. ஃபிளோட் சேம்பரில் கொதித்த பெட்ரோல் பொங்கி இன்ஜினுக்குள் வடிந்திருந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக வரும். அப்போது சோக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரை மெதுவாகத் தரைவரை மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். திரும்பத் திரும்ப மிதித்தால் சில கார்புரேட்டர்களில் இன்னும் பெட்ரோல் பாயும். வாடையே இல்லாவிட்டால் நடந்தது ஏர் லாக்: குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கிறது. ஹெரால்டில் பம்பின் மேல் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதில் நுரையும் குமிழியும் தெரியும். பம்பு மேலும் குழாய் மேலும் ஈரத்துணி சுற்றி, கீழே இருக்கும் கைப்பிடியால் சிலமுறை அடித்துப் பாருங்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் குழாயைக் கழற்றி பெட்ரோலைச் சோதிக்க வேண்டாம். தீயணைப்பான் இல்லாமல் இந்த வண்டிகளை எடுப்பதே தவறு.

எம்.ஜி.யிலும் ஜாகுவாரிலும் எஸ்.யு. கம்பெனியின் கரண்ட் பம்பு இருக்கும். சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்து, ஃபிளோட் சேம்பர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் தீர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஏர் லாக். சத்தமே வராவிட்டால் பம்பின் உள்ளே பாயிண்ட் ஒட்டியிருக்கலாம். ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டினால் ஓடும், வீடு வந்து சேரலாம். ஆனால் அடுத்த நாளே பாயிண்டைச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

நிரந்தரத் தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. பெட்ரோல் குழாயைச் சைலன்சர் கிளையிலிருந்து விலக்கிக் கொண்டுபோகலாம். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே சூடு கடத்தாத தடிமனான அட்டை வைக்கலாம். அதற்குக் கீழே ஒரு தகடு மறைப்பு. டேங்க் பக்கத்தில் கரண்ட் பம்பு வைப்பவர்கள் அழுத்தத்தைக் கவனியுங்கள். எஸ்.யு. கார்புரேட்டர் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது. ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். உள்ளே உரிந்து வரும் கருந்தூள் ஜெட்டை அடைப்பதை நாம் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம்.

பெட்ரோல் வருகிறது, வண்டி பிடிக்கவில்லை என்றால் கரண்ட் பக்கம் வாருங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. தடித்த நீலப் பொறி வந்தால் நல்லது. மெலிந்து மஞ்சளாக வந்தால் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டோடு இருக்கும் கண்டன்சர் மேல். கண்டன்சர் சூட்டில் சாகும், ஆறினால் உயிர்க்கும், அதனால்தான் ஏர் லாக் என்று ஏமாறுகிறோம். பாயிண்ட் கறுத்துத் தீய்ந்திருந்தால் சந்தேகம் உறுதி. இங்கேதான் புதுப் பாகத்தைச் சந்தேகிக்கச் சொல்கிறேன். இப்போது கிடைக்கும் கண்டன்சர்களில் தரமில்லாதவை அதிகம், நன்றாக ஓடிய பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியைப் பங்கிடும் ரோட்டாரும் அப்படியே. சோதனை எளிது: காயிலிலிருந்து வரும் நடு ஒயரை ரோட்டாரின் நடுத்தகட்டுக்கு மேல் சிறிது தள்ளிப் பிடித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பொறி ரோட்டாருக்குத் தாவிக்கொண்டே இருந்தால் அதன் உடல் வழியே கரண்ட் கசிகிறது என்று பொருள். நல்ல ரோட்டாரில் பொறி தொடர்ந்து தாவாது. காயில் கை வைக்க முடியாமல் சுட்டால் ஓம் அளந்து பாருங்கள். ஒன்றரை ஓம் காயிலைத் தடையில்லாமல் நேரே பன்னிரண்டு வோல்ட்டில் மாட்டியிருப்பார்கள், அங்கே மூன்று ஓம் காயில் வேண்டும்.

இன்னொரு சிறு சங்கதி. அரைமணி ஓடியபின் இழுவை குறைந்து நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி சரியானால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் தூளுக்கு அந்தத் துளை நல்ல இடம்.

"ஏத்தத்துல கொதிக்கு"

எங்கே கொதிக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஊர்ந்துபோகும்போது மட்டும் கொதித்து, சாலையில் ஓடும்போது சூடு காட்டும் முள் இறங்கினால் குறை காற்றில். காத்தாடி பெல்ட், காத்தாடியைச் சுற்றிய மறைப்பு, ரேடியேட்டர் முன்னால் அடுக்கியிருக்கும் ஹாரனும் கூடுதல் விளக்கும் என்று பாருங்கள். ரேஸ் தோற்றத்துக்காக முன்னால் பொருத்தும் பெரிய விளக்குகள் காற்றை நன்றாகவே மறிக்கும்.

நெரிசலில் சமாளித்து, வள்ளியூர் சாலையில் எண்பதில் போகும்போது முள் ஏறினால் குறை தண்ணீர் ஓட்டத்தில். ரேடியேட்டர் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், காத்தாடி நின்றிருக்கட்டும். குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அந்தக் குழல்கள் அடைபட்டவை. கீழ் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறதா என்று ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே கம்பிச்சுருள் இல்லாத ஹோஸ் மாட்டியிருப்பார்கள்.

புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது மட்டும் கொதித்தால் டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) பெட்ரோல்-காற்றுக் கலவையையும் சேர்த்துப் பாருங்கள். டைமிங் பின்தங்கினால் எரிந்துகொண்டிருக்கும் வாயுவே வெளியே போய்த் தலைப்பாகத்தைச் சுடும். பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7க்கு 1, எத்தனாலுக்கு 9க்கு 1. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ஜெட்டில் ஓட்டினால் கலவை மெலிந்துபோகும், மெலிந்த கலவை சூடாகும். ரேடியேட்டரை மூன்று முறை சுத்தம் செய்தும் கொதி நிற்காத வண்டிகள் கார்புரேட்டர் ஊசியை மாற்றியதும் சரியாவதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கடலை ஒட்டிய ராதாபுரம், உவரிப் பக்கங்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்புப் படலம் உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். இரும்பு இன்ஜின் கொஞ்சம் பொறுக்கும், அலுமினியம் பொறுக்காது. பெங்களூரில் ரிலையன்ட் கிட்டனை ஒட்டிச் செய்த சிபானி டால்ஃபினின் 848 சிசி இன்ஜின் அலுமினியம். டால்ஃபினைப் பாதுகாத்து வைத்திருப்பவர் வழியில் குடத்துத் தண்ணீர் வாங்கி ஊற்றக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் நல்லதுதான், ஆனாலும் காய்ச்சி வடித்த தண்ணீரும் துரு தடுக்கும் மருந்தும் போடுவதுதான் முறை. நமக்குப் பனி உறையும் கவலை இல்லாததால் உறைவதைத் தடுக்கும் கிளைகால் குறைவாகப் போதும். அது கூடினால் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறையும்.

பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் குழாயைத் திறந்து பாருங்கள். பல வண்டிகளில் ஒரு சொட்டும் வராது. கம்பி விட்டுக் குத்தினால் செம்மண் நிறத்தில் சேறு வரும். ரேடியேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைச் செய்யுங்கள்.

மூடியும் முக்கியம். ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். ரப்பர் போன மூடி இந்தப் பாதுகாப்பைப் பறித்துவிடும். எம்.ஜி. டி.சி.யில் அழுத்த மூடியே கிடையாது, அதில் நூறு டிகிரியில் கொதித்தே தீரும். அங்கே மேல்வரை நிரப்பி, வழிந்தது போக நிற்கும் மட்டத்தை அதன் இயல்பு மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

"மிஸ்ஸிங் அடிக்கு, இழுக்க மாட்டேங்கு"

ஹெரால்டில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வு ஆறிய நிலையில் 0.010. இந்த மூன்றும் சரியாக இருக்கும்வரை கார்புரேட்டர் திருகைத் தொடக் கூடாது. மற்ற வண்டிக்கு அதன் கையேட்டு அளவு.

எஸ்.யு. கார்புரேட்டருக்கு ஒரு அருமையான சோதனை உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடான பின், ஐட்லிங்கில், பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை அதிகம். உடனே இறங்கி நிற்கப் பார்த்தால் கலவை மெலிவு. ஒரு துளி ஏறி மறுபடி அடங்கினால் சரி. இரட்டைக் கார்புரேட்டர் வண்டியில், முதலில் இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கின்றனவா என்று ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டின் சீறலையும் கேட்டுச் சமன் செய்துவிட்டுத்தான் இந்தச் சோதனை. இதைக் காதால் செய்யக் கற்றவருக்கு எந்த மீட்டரும் வேண்டாம். இந்த வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

திடீரென மிதிக்கும்போது மட்டும் தும்மினால், எஸ்.யு.வின் மேலே, பிஸ்டனின் ஏற்றத்தை மட்டுப்படுத்தும் டாம்பரில் ஆயில் வற்றியிருக்கும். மெல்லிய இன்ஜின் ஆயில் சில மில்லி போதும்.

வெபர் கார்புரேட்டர் மாட்டிய ரேஸ் வண்டிகளை வீட்டில் அமைக்கப் பார்க்க வேண்டாம். ஜெட் பெட்டியும் பழகிய கையும் இருப்பவரிடம் போங்கள்.

"லைட்டு மங்கலா எரியுது"

லோட்டஸ் எலானும் டால்ஃபினும் ஃபைபர் உடம்பு. இரும்பு வண்டியில் உடம்பே எர்த். இவற்றில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால் எர்த் ஒயரின் முனைதான் காரணம், உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். பல்பையும் பேட்டரியையும் மாற்ற வேண்டியதில்லை.

1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்புக்குப் போகும். செல்போன் சார்ஜரோ எலக்ட்ரானிக் இக்னிஷனோ மாட்டும் முன் பேட்டரியின் எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே கருகும்.

"ஸ்டியரிங் கனமா இருக்கு, தானா திரும்ப மாட்டேங்கு"

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு, கீழே ஒரு பித்தளை வகை டிரன்னியனுக்குள் மரை வழியாக இறங்கும். திருப்பும்போது மரையே சுழல்கிறது. அதற்குள் போக வேண்டியது கியர் ஆயில், 90 ரகம். ஆனால் நிப்பிளைப் பார்த்ததும் சர்வீஸ் நிலையத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் கடைசி மரைவரை போகாது. ஐப்பசி மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் துருவேறி, தண்டு மரையடியில் விரிசல் விடும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த வண்டியின் மிக ஆபத்தான கோளாறு இது, அதற்கு முன் அது காட்டும் ஒரே அடையாளம் இந்தக் கனமும் ஒரு முனகலும்தான்.

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலே ஆயில் கசியும்வரை அடியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை. கிரீஸ் அடித்தே வந்த வண்டி என்றால் பிரித்து, தண்டின் மரையில் விரிசல் சோதனை செய்த பிறகுதான் சாலைக்கு எடுக்க வேண்டும். 1960களில் இங்கிலாந்தின் பல ரேஸ் கார்கள், லோட்டஸ் உட்பட, ஹெரால்டின் இந்த முன்சக்கரத் தாங்கியைத்தான் எடுத்துக்கொண்டன. பாளையங்கோட்டையில் ஒரு கொட்டகையில் நிற்கும் ஹெரால்டுக்கு அவ்வளவு பெரிய உறவு உண்டு.

எலானில் புறப்படும்போது வண்டி முன்னும் பின்னும் குதித்தால் பின் அச்சில் இருக்கும் ரப்பர் வளையங்களைப் பாருங்கள். கொஞ்சம் குதிப்பது அதன் பிறவிக் குணம். ஆனால் ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் அன்றே நிறுத்துங்கள்.

"சக்கரத்துல டிக் டிக்னு சத்தம்"

கம்பிச் சக்கரமா? புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒருமுறை மட்டும் 'டிக்' என்றால் ஹப்பின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஓட ஓடக் கேட்டால் கம்பி தளர்ந்திருக்கிறது; சின்ன ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டினால் தளர்ந்தது மட்டும் மங்கிய ஓசை தரும். நடு நட்டில் இடப்பக்கம் வலமரை, வலப்பக்கம் இடமரை. ஹப்களை இடம் மாற்றிப் பொருத்திய வண்டியில் ஓட்டமே நட்டைக் கழற்றிவிடும்.

"எறங்கும்போது பிரேக் பிடிக்க மாட்டேங்கு"

பெடல் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி தாங்கும். காற்றின் ஈரத்தைக் குடித்தபின் 155க்கு இறங்கிவிடும். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெடல் கல்லாக நின்று, வண்டி மட்டும் நிற்கவில்லை, தீய்ந்த வாடையும் வருகிறது என்றால் லைனிங் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி ஆறவிடுவதே வழி, தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்தை அல்ல, எதிர்ப்பக்கத்தைப் பிரியுங்கள்: வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கும். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சுட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கிறது. வெளியே பார்க்கப் புதிதாகத் தெரியும், நம்பாதீர்கள்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் பிரேக்குக்கு ஒற்றைச் சுற்றுதான். ஒரு சக்கரத்தில் ஆயில் போனால் நான்கும் போகும், மிச்சம் கைப்பிரேக் மட்டும். ஆரியங்காவிலிருந்து இறங்கத் தொடங்கும் முன் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், கைப்பிரேக் நிற்கிறதா என்று சரிவில் ஒருமுறை சோதியுங்கள், ஏறிய அதே கியரில் இறங்குங்கள். மட்டம் போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டாம். நான்கு சக்கரத்தின் உள்பக்கத்திலும் ஈரம் தெரிகிறதா என்று படுத்துப் பார்த்துவிட்டு, கசியும் சிலிண்டருக்குப் புது கிட் போட்ட பிறகு மலை இறங்கலாம்.